பெட்டிக்குள் இல்லை உயிர்

கணினியில் இசையமைப்பவர்களிடையே ஒரு புதிய ஆசாரம் பரவிவருகிறது. மடிக்கணினியில் மென்பொருளைக் கொண்டு ஆக்கிய ஒலிக்கு உயிர் இல்லை. திருகுகளும் பொத்தான்களும் கொண்ட, தூக்கினால் கனக்கிற, மின்சாரம் பாய்ந்தால் சூடேறுகிற ஒரு வன்பொருள் சிந்தசைசரை வாங்கி மேசைமேல் வைத்தால்தான் இசைக்கு உயிர் வரும் என்பது அந்த ஆசாரத்தின் முதல் விதி. வாங்கியவன் கலைஞன், வாங்காதவன் பொழுதுபோக்குக்காரன் என்பது இரண்டாவது விதி. எங்கும் எழுதிவைக்கப்பட்ட விதிகள் அல்ல இவை. விற்பனைக் காணொளிகளிலும் கருவி மதிப்புரைகளிலும் நண்பர்களின் அரட்டையிலும் ஊறிக்கிடப்பவை. இரண்டுமே பொய் என்பது நம் கட்சி.

இதை உரக்கச் சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம், இந்த ஆசாரத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதுதான். பழைய மடிக்கணினி ஒன்று, இரண்டு ஸ்தாயி அளவே கொண்ட சிறு கீபோர்டு ஒன்று, ஒரு ஹெட்போன் ஆகியவற்றை வைத்துக்கொண்டு இசையமைக்கும் இளைஞர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். நம் கல்லூரி வகுப்பறைகளின் பின்வரிசைகளிலும் இருக்கிறார்கள். தமக்கு வாய்த்த கருவி போதாது என்று நம்பவைக்கப்பட்டபின் அவர்களில் சிலர் கடன்பட்டுப் பெட்டி வாங்குகிறார்கள். வாங்க இயலாதவர்களோ தம் இசையே போலி என்று எண்ணி அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். முன்னது பணநட்டம். பின்னது யாருடைய கணக்கிலும் வராத நட்டம்.

இலக்கியம் பேசும் இடத்தில் மின்னணுக் கருவிக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு படைப்பு எதனால் ஆனது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபைப் பாடம் சொல்லும்போது நம் இலக்கணம் ஒரு நுட்பமான பாகுபாட்டைச் செய்கிறது. ‘ஆல்’ கருவியையும் குறிக்கும், கருத்தாவையும் குறிக்கும். கருவி இருவகை. செய்யப்படும் பொருளாகவே ஆகிவிடுவது முதற்கருவி; செய்வதற்குத் துணைநின்று பின் விலகிக்கொள்வது துணைக்கருவி. குடத்துக்கு மண் முதற்கருவி, திரிகை துணைக்கருவி. கருத்தாவும் இருவகை. தானே செய்பவன் இயற்றுதற் கருத்தா. பிறரைக்கொண்டு செய்விப்பவன் ஏவுதற் கருத்தா. கோயிலை அரசன் கட்டினான் என்றும் சொல்கிறோம், தச்சன் கட்டினான் என்றும் சொல்கிறோம். உளியைப் பிடித்தவன் ஒருவன்தான்.

சிந்தசைசர் என்பது பதிவான ஒலியைத் திருப்பித் தரும் கருவி அன்று. ஒலியை அடியிலிருந்து கட்டும் கருவி. அதன் ஆசிலேட்டர் அலையை உண்டாக்குகிறது. ஃபில்டர் அந்த அலையில் வேண்டாதவற்றை வடித்தெடுக்கிறது. என்வலப் என்ற பகுதி அந்த ஒலி எவ்வளவு விரைவில் எழவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எப்படித் தேய்ந்து அடங்கவேண்டும் என்று வகுக்கிறது. இந்த வேலைகளை மின்சுற்றுகள் செய்யலாம். நிரலின் கணக்கீடுகளும் செய்யலாம். நம் இலக்கணப்படி பார்த்தால் இங்கே மண், ஒலியலை. திரிகை, அதைச் சுழற்றி வடிவாக்கும் ஏற்பாடு. பெட்டிக்காக வாதாடுகிறவர்கள் திரிகையை மண் என்கிறார்கள். ஆர்வம் மிகும்போது அதையே குயவன் என்றும் சொல்லிவிடுகிறார்கள். இந்த வேற்றுமை மயக்கத்திலிருந்துதான் மற்ற மயக்கங்கள் எல்லாம் கிளைக்கின்றன.

*

மென்பொருள் என்பது வன்பொருளின் நகல், ஆகவே இரண்டாந்தரம் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வரலாறு இதற்கு இடங்கொடுப்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல் கணினியிலிருந்து இசையை வரவழைத்தது 1957-இல். ராபர்ட் மூக் தம் முதல் சிந்தசைசர் மாதிரியைக் கட்டியது 1964-இல். அதாவது, உயிரற்றது என்று இன்று ஏசப்படும் கணினி இசை, உயிருள்ளதாகப் போற்றப்படும் மூக் பெட்டிக்கு ஏழு வயது மூத்தது.

இன்னொரு சான்று இதைவிட வலியது. 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையைக் கொண்டு மிக வேகமாக அசைத்தால், மணியோசை போன்றும் பித்தளைக் குழல் போன்றும் புதிய ஒலிநிறங்கள் பிறக்கின்றன. எஃப்.எம். தொகுப்பு என்று பெயர்பெற்ற இம்முறையை அவர் கண்டது கணினி நிரலில். அந்த முறைக்கு உரிமம் பெற்ற யமாஹா நிறுவனம் 1983-இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டை வெளியிட்டது. எண்பதுகளின் உலகத் திரையிசையும் மெல்லிசையும் அந்த ஒலியில் நனைந்தவை. இன்று பழம்பொருளாகத் தேடி வாங்கப்படும் அந்தப் பெட்டி, பெட்டி உடுத்திவந்த மென்பொருளேயன்றி வேறில்லை. திருகுகளைத் தொட்டுத் திருகுவதில்தான் இன்பம் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஎக்ஸ்7-இன் முகப்பில் ஒலியை வடிக்கும் திருகுகளே கிடையாது. தட்டையான பொத்தான்களை அழுத்தி, சிறு திரையில் ஓடும் எண்களைப் பார்த்து, ஒவ்வோர் அளவாக மாற்றவேண்டும். அதனாலேயே பெரும்பாலோர் தொழிற்சாலை அமைத்துத் தந்த ஒலிகளோடு நின்றுகொண்டனர். அந்தப் பெட்டியின் ஒலிக்கோப்புகளை அப்படியே படித்து இசைக்கும் டெக்ஸெட் என்ற மென்பொருள் இன்று இலவசமாகக் கிடைக்கிறது.

தொண்ணூறுகளில் வந்த பெட்டிகள் பலவற்றைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பது கணக்கிடும் சில்லுதான். 1995-இன் நார்டு லீட், 1997-இன் ஆக்சஸ் வைரஸ் ஆகியவை அனலாக் மின்சுற்றின் நடத்தையை எண்களால் பாவனை செய்தவை. 2020-இல் வந்த கோர்க் வேவ்ஸ்டேட்டுக்குள் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. அதே கருவியின் ஒலியைக் கணினி மென்பொருளாகவும் அதே நிறுவனம் விற்கிறது. பெட்டிக்குள் புகுந்தால் உயிர் வந்துவிடுகிறது, மடிக்கணினிக்குள் புகுந்தால் உயிர் போய்விடுகிறது என்றால் அது இசையியல் அன்று. கூடுவிட்டுக் கூடு பாயும் கதை.

*

எண் கணக்கு இல்லாத, மின்னோட்டத்தையே அலையாக்கும் உண்மையான அனலாக் பெட்டிகளின் சங்கதி வேறல்லவா என்று கேட்பார்கள். வேறுதான். அதை மறுக்கவேண்டிய தேவை நமக்கில்லை. 1970-இல் வந்த மினிமூக்கை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று ஆசிலேட்டர்கள். சூடேறச் சூடேற அவற்றின் சுருதி மெல்ல நகரும். மூன்றும் ஒன்றையொன்று இம்மியளவு விலகி நிற்பதால் எழும் தடிப்பான ஒலி செவிக்கு இனியது. அதே மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். நினைவகம் கிடையாது, நேற்றுக் கண்டெடுத்த ஒலி இன்றும் வேண்டுமென்றால் திருகுகள் நின்ற நிலைகளைத் தாளில் வரைந்துவைத்திருக்க வேண்டும். மேடையில் சுருதி நழுவினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நழுவலைத்தான் இன்றைய மென்பொருள்கள் கணக்காகக் கொண்டுவருகின்றன. முழுவதும் கொண்டுவந்துவிட்டன என்று சாதிக்க நாம் வரவில்லை. தனியே ஒரு ஸ்வரத்தை நீட்டி ஒலிக்கவிட்டால், பழகிய செவி வேறுபாட்டைப் பிடிக்கக்கூடும். ஆனால் இசை தனி ஸ்வரமாக வாழ்வதில்லை. குரலும் தாளமும் வயலின்களும் கூடிய கலவையில் அந்த ஒலியைக் கீழே இறக்கி, கோப்பாகச் சுருக்கி, பேருந்து இரைச்சலில் கைப்பேசியின் காதணியில் ஒருவர் கேட்கும்போது அந்த வேறுபாடு எங்கே நிற்கிறது? ஐயமிருப்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. பெட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு சிறு மெட்டை அதில் வாசித்துப் பதிவு செய்து தரச்சொல்லுங்கள். அதே மெட்டை மென்பொருளில் வாசியுங்கள். இரண்டையும் ஒரே பாட்டின் நடுவே வைத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, எது எதுவென்று அறியாத ஒருவரைக்கொண்டு மாற்றி மாற்றிப் போடச்சொல்லிக் கேளுங்கள். பத்துமுறை கேட்டு எட்டுமுறை பெட்டியைச் சரியாகச் சுட்டுகிறவருக்கு அதை வாங்க ஒரு நியாயம் உண்டு. மற்றவர்கள் வாங்குவது கண்ணுக்கு.

தாமதம் என்றொரு வாதமும் உண்டு. விரல் பட்டதும் பெட்டி ஒலிக்கிறது, கணினி சற்றுப் பொறுத்து ஒலிக்கிறது என்பார்கள். கணக்குப் பார்ப்போம். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் 256 மாதிரிகளைக் கணினி சேர்த்துவைத்து அனுப்பினால் ஆகும் தாமதம் ஏறத்தாழ 5.8 மில்லிவிநாடி. காற்றில் ஒலி இரண்டு மீட்டர் தூரம் செல்ல எடுக்கும் நேரம் அது. ஆடியோ இண்டர்ஃபேஸின் மற்றத் தாமதங்கள் இதனோடு சேரும் என்பது மெய்தான். இருந்தும், நாதஸ்வரத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் தவில்காரர் தாளம் தவறுவதில்லை.

இனி, பெட்டி வீட்டுக்கு வந்தபின் நடப்பவை. மென்பொருள் சிந்தசைசரை ஒரே பாட்டில் பத்து இடங்களில் பத்து ஒலிகளாக வைக்கலாம். பெட்டி ஒன்றே ஒன்று. அதன் ஒலியைக் கணினிக்குள் கொண்டுவர உள்ளீடு உள்ள ஆடியோ இண்டர்ஃபேஸ் வேண்டும். வாசிக்க ஆகும் அதே நேரம் பதிவுக்கும் ஆகும். பாடகர் வந்து சுருதியை அரைக்கட்டை இறக்கச் சொன்னால், மென்பொருளில் ஒரு நொடி வேலை. பெட்டியில் மறுபடி பதிவு. எர்த் இணைப்புச் சரியில்லாத வீடுகளில் கணினியையும் பெட்டியையும் சேர்த்தவுடன் ‘ம்ம்’ என்றொரு மின்னிரைச்சல் கூடவே பாடும். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த பழைய பெட்டி, 230 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. பழுதானால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் பக்கத்து ஊரில் இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. விளம்பரப் படத்தில் இவை எவையும் தெரியாது.

*

அடுத்து வருவது முன்னோர் வாதம். இளையராஜாவின் எண்பதுகளின் ஒலியும், 1992-இல் ‘ரோஜா’வில் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்த ஒலியும் பெட்டிகளிலிருந்து வந்தவை அல்லவா என்பார்கள். ஆம், வந்தவைதான். அன்று வேறு வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1983-இல் நடைமுறைக்கு வந்த மிடி என்ற ஏற்பாட்டின்வழி அன்றைய கணினி, ‘இந்த ஸ்வரத்தை இந்த நொடியில் இவ்வளவு அழுத்தமாக வாசி’ என்று பெட்டிகளுக்குக் கட்டளையிட்டது. வீட்டுக்கு வாங்கக்கூடிய கணினிக்குத் தானே பல்வகை ஒலிகளை அந்த நொடியிலேயே ஆக்கும் வலிமை அன்று இல்லை. ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் விஎஸ்டி முறை வந்தது 1996-இல். அதில் இசைக்கருவிகளுக்கு இடம் கிடைத்தது 1999-இல். முன்னோர் பெட்டி வாங்கியது தேவையால். அந்தத் தேவை தீர்ந்தபின் நாமும் வாங்குவதற்குப் பெயர் மரபு அன்று; சடங்கு.

பெட்டி இருந்தால் இசை வந்துவிடுமா என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவ உதவினார். உலகில் மிகச் சில இடங்களிலேயே அத்தகைய கருவி இருந்த காலம் அது. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே பரிசோதனை இசைகளைப் பதிவு செய்தனர். பின்னர் அந்தக்கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக்காப்பில் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்காஸ் என்ற கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தபின், 2023-இல் ஒரு தொகுப்பாக வெளியாயின. உயிர் பெட்டிக்குள்தான் இருந்தது என்றால், அந்த மூக்கைச் சுற்றி ஒரு மின்னணு இசை மரபே எழுந்திருக்கவேண்டும். எழவில்லை. இசைக்க ஒரு சமூகமும், தொடர்ந்து கற்பிக்க ஓர் ஏற்பாடும், கேட்க ஆட்களும் இல்லாதபோது உலகின் அரிய பெட்டியும் அறைக்கலன்தான். இன்று நாம் வியந்து கேட்பது அந்த நாடாக்களில் பதிவான மனிதர்களின் தேடலை.

மும்பையின் சரண்ஜித் சிங் கதை இதன் மறுபக்கம். திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த அவர், 1982-இல் ரோலண்டு நிறுவனத்தின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகியவற்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது உலகம் திடுக்கிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகைக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் சிகாகோவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியானது 1987-இல். அதன் நெளியும் ஒலி சரண்ஜித் சிங்கின் தட்டில் ஐந்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது. சிகாகோ இளைஞர்கள் வைத்திருந்ததும் அதே டிபி-303தான். பேஸ் கிதார்க்காரருக்கு மாற்றாக விற்கலாம் என்று செய்யப்பட்டு, விலைபோகாமல் 1984-இல் நிறுத்தப்பட்ட கருவி அது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால்தான் அவர்கள் கைக்கு வந்தது. இன்று அதே பெட்டி செல்வர்களின் சேகரிப்புப் பொருள். அவர்களிடமிருந்து பாடம் கற்கவேண்டுமென்றால் எதைக் கற்கவேண்டும்? டிபி-303 வாங்கவேண்டும் என்பதையா, மலிவாகக் கைக்குக் கிடைத்ததை அதன் எல்லைவரை கொண்டுபோகவேண்டும் என்பதையா? இன்று மலிவாகக் கைக்குக் கிடைப்பது மடிக்கணினி. சர்ஜ் என்ற மென்பொருள் 2018-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. வைட்டல் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு 2020 முதல் கிடைக்கிறது. சிகாகோவின் அந்த இளைஞர்கள் இன்று தொடங்கினால் எங்கே தொடங்குவார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

*

கருவியை வைத்து இசையின் குலத்தை நிர்ணயிக்கும் பழக்கம் நம் மண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தள்ளிவைத்திருந்தது. அது வெளிநாட்டுப் பெட்டி, அதன் நிலையான ஸ்வரங்களில் கமகம் வராது என்று காரணம் சொல்லப்பட்டது. அதே ஹார்மோனியம் நாடக மேடைகளில் நம் பாட்டன்மாரை விடிய விடிய உட்காரவைத்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினைப் பாலுஸ்வாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று அது இல்லாத கச்சேரி அரிது. மின்மேண்டலினில் உ. ஸ்ரீநிவாஸும் சாக்ஸஃபோனில் கத்ரி கோபால்நாத்தும் வாசித்தபோது, கருவிக்கு இயலாது என்று சொல்லப்பட்டவற்றைக் கை செய்து காட்டியது. அன்று பெட்டிக்கு உயிர் இல்லை என்றார்கள். இன்று பெட்டிக்குத்தான் உயிர் என்கிறார்கள். தீர்ப்பு தலைகீழாகிவிட்டது, நீதிபதியின் நாற்காலி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த நாற்காலியோடுதான் நம் சண்டை.

ஹார்மோனியத்துக்கு எதிராகச் சொல்லப்பட்ட கமக வாதத்தில் ஒரு மெய்யும் இருந்தது. பெட்டி வாங்க எண்ணுகிறவர்கள் உண்மையில் கவலைப்படவேண்டிய இடமும் அதுவே. நம் செவி ஸ்வரத்தைப் புள்ளியாகக் கேட்பதில்லை, அசைவாகக் கேட்கிறது. கட்டை வைத்த கீபோர்டில், அது வன்பொருளானாலும் மென்பொருளானாலும், அந்த அசைவு தானாக வராது. பழைய மிடி முறையில் சுருதியை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பினால், ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்தே வளையும். 2018-இல் முறைப்படி ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற விரிவாக்கம் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வளைவைத் தருகிறது. 2009-இல் வெளிவந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் ரஹ்மான் வாசித்த கன்டினியம், கட்டைகளே இல்லாமல் விரல் வழுக்கிச் செல்லும் பரப்பைக் கொண்டது. நம் இசைக்குக் குறை எங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. ஒலியை ஆக்கும் இடத்தில் குறையில்லை. ஒலியைத் தொடும் இடத்தில்தான் குறை. செலவழிக்கப் பணம் இருந்தால் அதை விரலுக்கும் ஒலிக்கும் நடுவே செலவழியுங்கள். பணம் இல்லையென்றால், இருக்கும் கீபோர்டின் சுருதிச் சக்கரத்தில் இடக்கையை ஆறு மாதம் பழக்குங்கள். தோடியின் காந்தாரத்தைச் சக்கரத்தால் அசைக்க முயன்று தோற்பவருக்கு, ஆயிரம் திருகுகள் கொண்ட பெட்டி கற்பிக்காத ஒன்று புரியும்.

*

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்தைச் சொல்லாமல் விட்டால் அது அறமாகாது. மென்பொருளில் ஆயிரக்கணக்கான ஒலிகள் குவிந்துகிடக்கின்றன. தேர்ந்தெடுப்பதிலேயே இரவு கழிந்துவிடுகிறது. பெட்டியோ சிறியது, எல்லை உடையது, அந்த எல்லைதான் படைப்புக்கு வழி என்பது அவர்களின் வாதம். எல்லை பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறோம். வெண்பாவின் தளையை அறிந்தவர்களுக்கு, கட்டுப்பாடு கற்பனைக்குப் பகை அன்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வெண்பா எழுதத் தளை தட்டாத காதுதான் வேண்டும். வெண்பா மட்டுமே எழுதக்கூடிய பேனாவை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கணினியில் ஒரே ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாம். ஆயத்த ஒலிகளைத் தொடுவதில்லை என்று விரதம் எடுக்கலாம். இந்தக் கட்டுப்பாட்டைத் தனக்குத்தானே விதித்துக்கொள்ள முடியாதவர், பெட்டி வாங்கியபின் இரண்டாவது பெட்டியையும் தேடுவார். வன்பொருள் வாங்குகிறவர்கள் ஒன்றோடு நிற்பதில்லை என்பது அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும் செய்தி.

திருகைக் கையால் பற்றித் திருகும் இன்பம் மெய்யானது. அதைக் கேலி செய்யமாட்டோம். திருகுகள் மட்டும் கொண்ட, தானாக ஒலி எழுப்பாத மிடி கட்டுப்படுத்திகள் பெட்டியின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. மென்பொருளின் ஃபில்டரை அவற்றோடு இணைத்துக்கொண்டால் அந்த இன்பமும் கையில். மேடையில் கணினித்திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க விரும்பாதவர், மின்சுற்றின் நடத்தையையே படிக்க விரும்புகிறவர், கண்ணைக் கட்டிய சோதனையில் தேறியவர் ஆகியோர் பெட்டி வாங்குவதில் நமக்கு மறுப்பில்லை. தம் சொந்தப் பணத்தில் அழகிய பொருள் ஒன்று வேண்டும் என்று வாங்குகிறவரிடமும் நமக்குப் பேச்சில்லை. அந்த ஆசைக்கு இசையின் பெயரைச் சூட்டி, இல்லாதவனை இழிவு செய்யாதிருந்தால் போதும்.

எனவே வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நம் விடை இது. ஒரே ஒரு இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயத்த ஒலிகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, வெறும் அலையிலிருந்து தொடங்கி மூன்று மாதத்தில் முப்பது ஒலிகளை நீங்களே ஆக்குங்கள். அவற்றை மட்டும் கொண்டு மூன்று பாடல்களை முடியுங்கள். அதன்பின் உங்களுக்கு என்ன குறைகிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் ‘உயிர்’, ‘ஆன்மா’, ‘வெதுவெதுப்பு’ என்ற சொற்கள் இருந்தால் வாங்காதீர்கள். நீங்கள் தேடுவது கடையில் இல்லை. ‘மேடையில் நான்கு மணிநேரம் கணினி இல்லாமல் வாசிக்கவேண்டும்’ என்பதுபோல் ஒரு செயலும் ஓர் அளவும் இருந்தால் வாங்குங்கள். எதை வாங்கவேண்டும் என்பதையும் அந்த வாக்கியமே சொல்லிவிடும். மூன்று மாதம் பொறுக்க மனமில்லாமல் பெட்டியை வாங்கி, அதன் ஆயத்த ஒலியை அழுத்தி மகிழ்கிறவர் இயற்றுதற் கருத்தா அல்லர். அவருடைய இசையை எங்கோ ஒரு தொழிற்சாலையின் ஒலி வடிவமைப்பாளர் செய்துவைத்துவிட்டார். இவர் அரசன் கோயில் கட்டியதுபோலக் கட்டியவர்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரின் தகுதியையும் நிறுத்தி நிதானித்துச் சொல்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என்று அந்த வரிசை நீள்கிறது. அரங்கின் நீள அகலத்தைக்கூட அளந்து சொன்னவர் இளங்கோ. பொருள்களின் மேல் அவருக்கு அசட்டை என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் யாழின் இடம் வந்ததும் அவர் பேசுவது, நரம்புகளை எந்த முறையில் இசைகூட்டவேண்டும், எந்த நரம்பிலிருந்து எந்தப் பண் பிறக்கும் என்று அறிந்தவனைப் பற்றி. அந்த யாழ் எந்தத் தச்சன் பட்டறையில் செய்யப்பட்டது, என்ன விலைக்கு வந்தது என்ற பேச்சே அங்கில்லை. யாழ் போய்விட்டது. பண்ணை அறிந்தவனைப் பற்றிய அந்த அறிவு இன்னும் நம் கையில் இருக்கிறது. மடிக்கணினியோடு அமர்ந்திருக்கும் இளைஞர் கேட்கவேண்டிய கேள்வியையும் அதுவே வகுத்துத் தருகிறது: இந்த நரம்பிலிருந்து என்ன பிறக்கும் என்று எனக்குத் தெரியுமா?